காணியை ஈடு வைத்து வாங்கும் பட்டம்

சென்ற மாதம் கிளிநொச்சிப் பகுதிக் கமக்காரர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல் ஐந்து ஏக்கர் அவருக்கு உண்டு. மகன் கணினிப் பொறியியலில் இளமாணிப் பட்டம் பெற்று ஓராண்டு கழிந்தவன். பிறரிடம் சம்பளத்துக்கு நிற்பதை விரும்பாது, சொந்தமாக ஒரு தொழில்நுட்பக் கம்பனி தொடங்க அவாக் கொண்டவன். தந்தையார் கேட்ட கேள்வி இது: "ஐயா, இவனுக்கு எம். எஸ்ஸி. நல்லதோ, பி. எச். டி. நல்லதோ? எதெண்டாலும் வயலை ஈடு வைக்கத்தான் வேணும். எதுக்கு வைக்கிறதெண்டு சொல்லுங்கோ."

விடை கூறுமுன் நாம் பையனை நோக்கி, "தம்பி, கம்பனி தொடங்கி எதைச் செய்து யாருக்கு விற்கப் போகிறீர்?" என வினவினோம். கிணற்று நீரில் உப்பு ஏறுவதை அளந்து, அளவு மிஞ்சியதும் இறைப்பு இயந்திரத்தைத் தானே நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்து, வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு விற்கப்போவதாக அவன் கூறினான். நல்ல எண்ணம். சுண்ணக்கல் நிலத்தின்மேல் வாழும் யாழ்ப்பாணத்தார்க்கு நன்னீரினும் பெரிய தேவை வேறு யாது? "மேற்படிப்புக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்ன ஏஜென்சிக்காரர் இதைப் பற்றிக் கேட்டாரா?" என்றோம். "இல்லை, வங்கியில் எவ்வளவு காசு காட்ட முடியும் என்றுதான் கேட்டார்" என்றான்.

இன்று எம்மிடையே நடைபெறும் பட்ட வியாபாரத்தின் முழு உருவமும் இந்த ஒரு மறுமொழியில் அடங்கிவிட்டது. பையன் செய்யப்போகும் பொருள் யாது என்று கேட்பாரில்லை. தகப்பன் வைக்கப்போகும் ஈடு எவ்வளவு என்று கேட்பார் சந்திக்குச் சந்தி பலகை தொங்கவிட்டிருக்கின்றனர். ஆதலின் எம் கருத்தை முதலிலேயே ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகின்றோம். தொழில் தொடங்க விரும்பும் இளைஞன் கேட்கவேண்டியது எந்தப் பட்டம் பெரிது என்பதன்று. தான் செய்யக் கருதிய பொருளுக்கு வேண்டிய அறிவு உலகில் ஏற்கெனவே உண்டா, இல்லையா என்பதே அவன் கேட்கவேண்டிய கேள்வி. உண்டாயின் முதுமாணியே மிகுதி. பல வேளைகளில் அதுவும் வேண்டியதில்லை. இல்லையாயின், அவ்வறிவைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் கலாநிதி ஆய்வே தக்கது. இரண்டில் எதுவாயினும், குடும்பத்தின் வயலை ஈடு வைத்துப் பெறும் பட்டம் தொழில் முயற்சியாளனுக்கு முதல் நாளிலேயே காலில் மாட்டும் விலங்காகும்.

விதை கண்டவனும் விதைத்தவனும்

இந்த வேறுபாட்டை எம் கமக்காரருக்கு விளக்க வேறெங்கும் போகவேண்டியதில்லை. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்னும் நெல்லினம் வெளிவந்தது. எம்மவர் நன்கறிந்த முருங்கைக்காயன் இனத்தையும் மாஸ் என்னும் வேறோர் இனத்தையும் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து எடுத்த விதை அது. அதற்கு முன் அவ்விதை எந்தக் களஞ்சியத்திலும் இருந்ததில்லை. எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் அதனைப் பெற்றிருக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் ஒருவர் நாற்றங்காலில் நின்று தேடியே ஆகவேண்டும். கலாநிதி ஆய்வென்பது இத்தகைய வேலை.

விதை கைக்கு வந்தபின், அதனை எந்த மண்ணில், எந்தப் போகத்தில், எவ்வளவு நீரில் விதைப்பது, களையை எப்போது பிடுங்குவது, எந்த விலைக்கு விற்பது என்பது வேறு வேலை. அதனைச் செய்ய விதையின் பிறப்பியலை ஆராய்ந்தவனாயிருக்கவேண்டிய அவசியமில்லை. விதையை அறிந்து, மண்ணை அறிந்து, சந்தையை அறிந்தவனாயிருந்தாற் போதும். முதுமாணிப் படிப்பு இந்த இரண்டாம் வேலைக்குரிய ஆயத்தம். பிறர் கண்ட அறிவை ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும் வழி அது. விதை கண்டவன் பெரியவனா, விதைத்தவன் பெரியவனா என்று வாதிடுவோன் இரு வேலையையும் அறியாதவன். அங்ஙனமிருக்க, முதுமாணியைச் சின்னப் படி என்றும் கலாநிதியைப் பெரிய படி என்றும் ஏணிக் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்?

ஏணிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். உத்தியோகத்துக்கும் சீதனத்துக்கும் பட்டத்தை நிறுத்துப் பார்த்த காலத்தின் மிச்சம் அது. 1857 இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் எம் யாழ்ப்பாண மண்ணின் மைந்தர்கள் என்று மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். ஆனால், தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் இன்றும் கைகூப்பி வணங்குவது அவர் பெயருக்குப் பின் நின்ற இரண்டு எழுத்துக்காகவா? செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பிடித்து 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய பெருந்தொண்டுக்காக அன்றோ!

உலகம் காட்டும் சான்று

தொழில்நுட்பக் கம்பனிகளின் பிறந்த வீடாகிய கலிபோர்னியாவைப் பார்ப்போம். அங்கே மூன்று வகையினர் உளர்.

முதல் வகையினர் கலாநிதிகள். 1968 இல் இன்டெல் கம்பனியைத் தொடங்கிய றொபேட் நோய்ஸ் 1953 இல் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும், கோடன் மூர் 1954 இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்திலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். தொடக்கத்திலேயே வந்து சேர்ந்த அன்ட்ரூ குரோவ் 1963 இல் பேர்க்லியில் அப்பட்டம் பெற்றவர். சிலிக்கன் துண்டின் மேற்பரப்பில் என்ன நிகழ்கிறது என்பதை அக்காலத்தில் இவர்களையொத்த சிலரே கண்டறிந்து வந்தனர். குரோவ் 1967 இல் எழுதிய நூலே அத்துறைக்குப் பாடநூலாயிற்று. பாடநூலை எழுதவேண்டிய நிலையில் இருந்தவன் பாடநூலைப் படித்துத் தொழில் தொடங்க முடியுமா? அதுபோன்றே, இரைச்சலில் கலங்கிய சமிக்ஞையிலிருந்து உண்மைச் செய்தியைப் பிரித்தெடுக்கும் முறையை 1967 இல் வெளியிட்ட அன்ட்ரூ விற்றர்பியும் அவர் தோழர் ஏர்வின் ஜேக்கப்ஸும் கலாநிதிகளே. அவர்கள் வேறு சிலரோடு கூடி 1985 இல் தொடங்கியது குவல்கொம் கம்பனி. எம் நாட்டிலும் சான்று உண்டு. 2005 இல் டபிள்யூ. எஸ். ஓ. 2 என்னும் மென்பொருட் கம்பனியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சஞ்சீவ வீரவரண, 1994 இல் அமெரிக்காவின் பேர்டூ சர்வகலாசாலையில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஐ. பி. எம். ஆராய்ச்சிக் கூடத்தில் ஆண்டுகள் பல உழைத்தவர்.

இரண்டாம் வகையினர் முதுமாணியோடோ இளமாணியோடோ நின்றவர்கள். 1993 இல் என்விடியாவைத் தொடங்கிய மூவரில் ஒருவரும் கலாநிதி அல்லர். அவருள் ஜென்சன் ஹுவாங் 1984 இல் ஒறிகன் மாநிலச் சர்வகலாசாலையில் இளமாணிப் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றவர். பகலில் சில்லுகளை வடிவமைத்துக்கொண்டே படித்து, 1992 இல் ஸ்டான்போர்டில் முதுமாணியானார். வேலையை விட்டுப் படித்தவரல்லர், வேலைக்காகப் படித்தவர். அவர் கம்பனி 2025 இல் சந்தை மதிப்பில் உலகின் முதலிடத்தைப் பிடித்தது. அதன் தலைமை விஞ்ஞானியாக 2009 இல் வந்தவர் பில் டலி என்னும் கலாநிதி. இதிலே பெரியதோர் உண்மை கிடக்கிறது. கம்பனி தொடங்குவோன் கலாநிதியாயிருக்கவேண்டியதில்லை; கலாநிதியின் வேலை எப்போது தேவைப்படும் என்று அறிந்து, அவரை அழைத்து அமர்த்தத் தெரிந்தவனாயிருந்தாற் போதும்.

மூன்றாம் வகையினரைப் பற்றித்தான் எம் இளைஞரிடையே பொய்க் கதைகள் மிகுதி. கலாநிதி ஆய்வுக்கென்று நுழைந்து, இடையிலே முதுமாணியோடு வெளியேறியவர்கள் அவர்கள். 1982 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பனியைத் தொடங்கியோருள் ஒருவரான அன்டி பெக்டொல்ஷைம், 1995 இல் யாஹூவைக் கம்பனியாக்கிய ஜெரி யங், டேவிட் பைலோ, 1998 இல் கூகிளைத் தொடங்கிய லரி பேஜ், சேர்கே பிறின் ஆகிய ஐவரும் ஸ்டான்போர்டில் கலாநிதி மாணவராயிருந்து, அப்பட்டம் பெறாமலே சென்றவர்கள். "பார்த்தீர்களா, படிப்பைத் தூக்கி எறிந்ததனால் வென்றார்கள்!" என்று பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கூகிள் பிறந்தது தெருவிலன்று, ஆய்வுகூடத்திலே. அமெரிக்க அரசின் விஞ்ஞான நிதி பெற்ற ஆராய்ச்சிச் சூழலில், பக்கங்களின் மதிப்பை அவற்றை நோக்கும் இணைப்புகளைக் கொண்டு கணிக்கும் முறையைத் தேடிக் கண்டவர்கள் அவ்விருவரும். தேடிய பொருள் கைக்கு வந்தபின், பட்டத்துக்காக மேலும் சில ஆண்டுகள் காத்திராமற் சென்றனர். அவர்கள் விட்டுச் சென்றது பட்டத்தையே, ஆய்வை அன்று.

மொறிஸ் சாங்கின் வாழ்க்கை

மூன்று வகையும் ஒருவர் வாழ்விலே கூடியிருக்கும் அதிசயத்தைக் காண விரும்புவோர் மொறிஸ் சாங்கின் வரலாற்றைப் படிக்கக் கடவர். 1931 இல் சீனாவிலே பிறந்து, போருக்கு அஞ்சி ஊர் ஊராய் அலைந்த குடும்பத்துப் பிள்ளை அவர். மசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952 இல் இளமாணியும் 1953 இல் முதுமாணியும் ஆனார். கலாநிதிப் படிப்புக்குத் தகுதிகாண் பரீட்சை எழுதினார், தோற்றார். மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். எம் ஊரிலாயின் அத்தோடு ஊரார் வாயில் விழுந்து அழிந்திருப்பார்! அவரோ 1955 இல் சில்வேனியாக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்து, பகலெல்லாம் திரான்சிஸ்டர் உற்பத்தியில் நின்று, இரவில் அத்துறையைத் தாமே கற்றார். 1958 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனிக்கு மாறினார். அவருடைய திறமையைக் கண்ட கம்பனியே செலவை ஏற்று அவரை ஸ்டான்போர்டுக்கு அனுப்ப, 1964 இல் கலாநிதியானார். பின்னும் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தபின், 1987 இல், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், தைவான் அரசும் பிலிப்ஸ் கம்பனியும் முதலிடத் தொடங்கியதே ரி. எஸ். எம். சி. என்னும் சில்லு உற்பத்திக் கம்பனி. இன்று உலகின் மிக நுண்ணிய சில்லுகளிற் பெரும்பங்கு அதன் ஆலைகளிலிருந்தே வருகிறது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, முதுமாணியோடு வேலைக்குச் சென்றது அவருக்கு இழுக்காகவில்லை. இரண்டாவது, கலாநிதிப் பட்டம் வேலை அதனைக் கேட்டபோது வந்தது. வேலை கொடுத்தவர் காசில் வந்தது. மூன்றாவது, ஐம்பத்தைந்து வயது பிந்திய வயதன்று. "இப்போதே தொடங்காவிட்டால் காலம் போய்விடும்" என்று இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகளை விரட்டுவோர்க்கு மற்றுமொரு செய்தி கூறுகின்றோம். அமெரிக்காவிற் கம்பனி தொடங்கியோரின் வயதை அரசாங்கப் பதிவுகளைக் கொண்டு கணித்து 2020 இல் வெளியான ஆய்வொன்று, மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு பங்குக் கம்பனிகளைத் தொடங்கியோரின் சராசரி வயது 45 என்று காட்டிற்று. எனவே, கலாநிதி ஆய்வில் ஐந்தாறு ஆண்டு கழிந்தால் வாழ்வே கழிந்துவிடும் என்னும் பயமும் வேண்டியதில்லை. முதுமாணியை அவசர அவசரமாகக் காசு கொடுத்து வாங்கவேண்டிய தேவையும் இல்லை.

காசுக் கணக்கு

இனி, எம் கமக்காரர் வயிற்றைத் தொடும் விஷயத்துக்கு வருவோம். ஏஜென்சிக்காரர் மறைக்கும் கணக்கு இது. அமெரிக்காவின் நல்ல சர்வகலாசாலைகளில், பொறியியலிலும் கணினி விஞ்ஞானத்திலும் கலாநிதி மாணவனிடம் பெரும்பாலும் கட்டணம் அறவிடுவதில்லை. ஆராய்ச்சி உதவியாளனாகவோ கற்பித்தல் உதவியாளனாகவோ அமர்த்தி மாதப்படியும் கொடுக்கின்றனர். முதுமாணி மாணவனோ பெரும்பாலும் தன் காசைக் கட்டியே படிக்கவேண்டும். அங்கே பொதுவான வழக்கம் இதுவே. பெரிய பட்டத்துக்குக் காசு வேண்டாம், ஆண்டு வேண்டும். சிறிய பட்டத்துக்கு ஆண்டு குறைவு, காசு மிகுதி. ஏழையின் பிள்ளைக்குக் கலாநிதி எட்டாக் கனி என்றும் முதுமாணி எட்டும் கனி என்றும் எண்ணுவது முழுத் தலைகீழ்.

பிரித்தானியாவில் முதுமாணிப் படிப்பு ஓராண்டு. கணினித் துறையில் வெளிநாட்டு மாணவன் கட்டும் கட்டணம் பல இடங்களில் 20,000 பவுணுக்கு மேல். 2025 இல் ஒரு பவுண் ஏறத்தாழ 400 ரூபா. ஆகவே கட்டணம் மாத்திரம் 80 இலட்சம் ரூபா; இருப்பிடம், உணவு வேறு. ஐந்து ஏக்கர் வயலில் இரு போகமும் பிழையாது விளைந்து, வெள்ளமும் வரட்சியும் கபிலத் தத்தியும் வராது, நெல்லுக்கு நியாய விலையும் கிடைத்தாற்கூட, இத்தொகையைச் சேர்க்க எத்தனை ஆண்டு வேண்டும் என்பதைக் கமக்காரரே கணக்கிட்டுக்கொள்ளட்டும். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை அண்டிய கொடுமையை நாம் மறந்துவிடவில்லை. அந்த இரண்டு மாதத்துக்குள் பிறநாட்டில் பிள்ளையை வைத்துக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த பெற்றோர் பட்ட பாட்டை எம் வக்கீல்மாரைக் கேட்டால் ஈட்டு உறுதிகளை எடுத்துக் காட்டுவார்கள்.

கடனோடு பட்டம் பெற்றவன் என்ன செய்வான்? கம்பனி தொடங்குவானா? புதிதாய்த் தொடங்கும் எந்த முயற்சியும் ஓரிரண்டு ஆண்டுக்குச் சம்பளம் தராது. மாதந்தோறும் வட்டி கேட்கும் ஈடு அவன் தலைமேல் நிற்கிறது. ஊரிலே தாய்தந்தையர் அவன் அனுப்பும் காசைப் பார்த்திருக்கின்றனர். ஆகவே கிடைத்த முதல் வேலையைப் பற்றிக்கொள்வான். தொழில் முயற்சியாளனாக வேண்டுமென்று வாங்கிய பட்டமே அவனைத் தொழில் முயற்சியாளனாக விடாது தடுக்கிறது. இதனைக் காட்டிலும் கொடிய விந்தை உண்டா?

குடிவரவுச் சட்டத்தையும் பார்க்கவேண்டும். பிரித்தானியாவில் மாணவர் விசாவில் இருப்பவன் பொதுவாகச் சொந்தத் தொழில் நடத்த அனுமதியில்லை. படிப்பு முடிந்தபின் தங்கி உழைக்கக் கிடைக்கும் காலம் முதுமாணிக்கு இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்போர்க்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. கலாநிதிக்கு மூன்று ஆண்டு. ஒரு கம்பனியைப் பதிவு செய்து, பொருளைச் செய்து, முதல் வாடிக்கையாளனைப் பிடித்து நிலைநிற்கப் பதினெட்டு மாதம் போதுமா? சொந்தத் தொழில் நடத்தியவர் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

உறுதியை வாசியாமல் ஒப்பமிடாதீர்

கலாநிதி வழியே நல்லதென்று நாம் கண்மூடிக் கூறுவதாக எவரும் எண்ணற்க. அவ்வழிக்கும் வேலி உண்டு. சர்வகலாசாலையின் காசிலும் ஆய்வுகூடத்திலும் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவில் 1980 இல் நிறைவேறிய பேய்–டோல் சட்டத்தின்பின், அரசாங்க நிதியில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைச் சர்வகலாசாலை தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியும். கூகிளின் மூலமுறைக்கு உரிய காப்புரிமை பேஜின் பெயரிலோ கூகிளின் பெயரிலோ இருக்கவில்லை. ஸ்டான்போர்டின் பெயரிலேயே இருந்தது. அதனைப் பயன்படுத்தும் அனுமதிக்காகக் கூகிள் 18 இலட்சம் பங்குகளைச் சர்வகலாசாலைக்குக் கொடுத்தது. 2005 இல் அவற்றை விற்று ஸ்டான்போர்ட் பெற்றது 336 மில்லியன் டொலர்.

இதில் அநியாயம் இருப்பதாக நாம் கூறவில்லை. நிலம் ஒருவனுடையது, உழைப்பு மற்றவனுடையது என்றால் விளைச்சலிற் பங்கு உண்டு. வாரக் குடியை அறிந்த எம்மவர்க்கு இதனை விளக்கவேண்டுமா? ஆனால் காணி வாங்கும்போது உறுதியைத் தலைமுதற் கால்வரை வாசித்து, வழிவாய்க்கால், கிணற்றுப் பங்கு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை பிடிக்கும் நாம், கலாநிதி ஆய்வுக்குச் செல்லும் பிள்ளை ஒப்பமிடும் ஒப்பந்தத்தை ஒரு தடவையாவது வாசித்ததுண்டா? கண்டுபிடிப்பு யாருக்கு, எந்தப் பங்குக்கு, எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்று நுழையுமுன் கேட்பதற்குக் கூச்சப்படுபவன் பின்னர் கம்பனி நடத்தப்போவதெங்ஙனம்?

எதிர்வாதிகளுக்கு

"பில் கேட்ஸ் எந்தப் பட்டத்தோடு கம்பனி தொடங்கினார்? பட்டமே வீண்" என்பார் ஒரு சாரார். பில் கேட்ஸ் 1975 இல் ஹார்வர்டை விட்டு வந்தது உண்மை. ஆனால் வழக்கறிஞராகிய தந்தையின் செல்வச் செழிப்பான வீடு அவர் பின்னால் நின்றது. தோற்றிருந்தால் மறுபடி ஹார்வர்டுக்குப் போயிருப்பார். எம் பையன் தோற்றால் எங்கே போவான்? கல்லூரியை விட்டு வருவோர்க்கு 100,000 டொலர் தருவதாக 2011 இல் முதன்முதல் இளைஞரைத் தேர்ந்தெடுத்த பீற்றர் தீல், தாம் ஸ்டான்போர்டில் இளமாணிப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றுக்கொண்டவர். இலவசக் கல்வியைத் தவிர வேறு சொத்து இல்லாத பிள்ளைகளிடம் "படிப்பை விடு" என்று உபதேசிப்பது, கிணறில்லாதவனிடம் துலாவை விற்கச் சொல்வது போலாகும்.

"கலாநிதி என்றால் முதலீட்டாளர் மதிப்பர்" என்பார் மற்றொரு சாரார். மருந்து, உயிரியல், புதிய மூலப்பொருள் முதலிய துறைகளில் இது உண்மையே. அங்கே பொருளே ஆராய்ச்சி. ஆனால் கடைக்காரருக்குக் கணக்கு எழுதும் மென்பொருளோ, தோட்டக்காரருக்குச் சந்தை விலை கூறும் செயலியோ செய்பவனிடம் முதலீட்டாளர் கேட்பது பட்டத்தையன்று. எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதையே.

மூன்றாவது சாரார் மெல்லிய குரலில் பேசுவர்: "ஐயா, படிப்பாவது கம்பனியாவது! பிள்ளை எப்படியாவது வெளியே போகட்டும். முதுமாணி ஒரு சாட்டு." இவர்களை நாம் ஏளனம் செய்யமாட்டோம். இந்த மண்ணில் பட்ட துன்பம் அவர்களை அங்ஙனம் பேச வைக்கிறது. ஆயினும் ஒன்று கேட்கின்றோம்: வெளியே போவதுதான் நோக்கமென்றால் அதற்குரிய கணக்கை நேர்மையாகப் போடுங்கள். அதற்குத் தொழில் முயற்சி என்று பெயரிட்டுப் பிள்ளையையும் ஏமாற்றி, உங்களையும் ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

செய்யவேண்டியது யாது?

அந்தக் கிளிநொச்சிப் பையனுக்கு நாம் சொன்னதை இங்கே எல்லோருக்கும் சொல்லுகின்றோம். நீரின் உப்பை அதன் மின்கடத்து திறனைக் கொண்டு அளக்கும் உணரிகள் உலகச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே உமக்குக் குறைவாயிருப்பது அறிவன்று. எந்தத் தோட்டத்தில் எப்போது உப்பு ஏறுகிறது, எந்த விலைக்கு ஒரு வெங்காயச் செய்கைக்காரர் இக்கருவியை வாங்குவார், பழுதானால் யார் போய்த் திருத்துவார் என்பவையே உமக்குத் தெரியாதவை. அவற்றை எந்தச் சர்வகலாசாலையும் கற்பிக்காது. சுன்னாகத்திலும் இணுவிலிலும் கிணறு கிணறாக நடந்தால் தெரியும். பத்துக் கருவியைச் செய்து பத்துத் தோட்டத்திற் பொருத்தும். வேலை ஒன்றில் இருந்துகொண்டே கொழும்பிலோ மொறட்டுவையிலோ பேராதனையிலோ முதுமாணி படிக்கலாம். அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் ஆசிரியர்களிடம் போய் ஐயம் கேட்கலாம். அதற்கு வயல் போகவேண்டியதில்லை.

இந்த வேலையின் நடுவே, அளப்பதோடு நில்லாது உப்பு நீரை மலிவாக நன்னீராக்கும் புதிய சவ்வு ஒன்றைக் காணவேண்டுமென்ற வேட்கை உமக்குப் பிறக்குமானால், அதுவே கலாநிதி ஆய்வுக்குரிய கேள்வி. அப்போது கட்டணம் கேட்காது மாதப்படி தரும் இடத்தைத் தேடிப் போம். ஒப்பந்தத்தை வாசித்து ஒப்பமிடும். கேள்விக்கு விடை கண்டபின் பட்டத்தோடு வந்தாலும் சரி, முதுமாணியோடு வந்தாலும் சரி, தலை குனியவேண்டியதில்லை.

எம் வங்கிகளுக்கும் புலம்பெயர்ந்த உறவினருக்கும் ஒரு சொல். காணி உறுதியைக் காட்டினால் வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கடன் கொடுக்க நீளும் கை, அதே பையன் பத்துக் கருவி செய்ய ஐந்து இலட்சம் கேட்டால் ஏன் சுருங்குகிறது? ஒரு முதுமாணிக் கட்டணத்துக்கு இங்கிருந்து போகும் காசில், இரண்டு மூன்று இளைஞர் ஓராண்டு முழுவதும் சம்பளம் பெற்று ஒரு பொருளைச் செய்து பார்க்கலாம். தோற்றாலும் அக்காசு இந்த மண்ணிலே சுழலும்; கற்ற பாடம் இந்த ஊரிலே நிற்கும்.

கமக்காரர் எம் வீட்டுப் படியிறங்கும்போது, கையிலே மடித்து வைத்திருந்த உறுதியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மகன் எம்மிடம் ஒரு கடதாசியும் பேனாவும் வாங்கி, முதலிற் போய்ப் பார்க்கவேண்டிய தோட்டக்காரரின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான். தமிழ்ப் பெற்றோரே, உங்கள் பிள்ளையிடமும் இன்றிரவே கேளுங்கள்: எதைச் செய்யப் போகிறாய், யாருக்கு? அதற்கு மறுமொழி வரும்வரை உறுதி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.